"பாஸ்பேட் எங்கே?": சவ்வுப் புரதப் படிகங்களோடு ஏழு வருஷம்

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சின்ன லேபில் ஏழு வருஷமாகச் சவ்வுப் புரதங்களைப் படிகமாக்கி, எக்ஸ்-ரே அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் புரதத்தைச் சுற்றி எந்தக் கொழுப்பு எங்கே ஒட்டியிருக்கிறது என்பதுதான் என் கேள்வி. இந்த முறை அதற்குக் கைகொடுக்கிறதா என்றால், பாதிக் கிணறு என்பேன்.

முதல் இரண்டு வருஷம் டிடர்ஜென்ட் வழி. சோப்புப் போட்டால் பாத்திரத்துப் பிசுக்கு போவதுபோல, புரதத்தோடு ஒட்டியிருந்த கொழுப்பும் பெரும்பாலும் கழுவிக்கொண்டு போய்விடும். தேடி வந்ததையே தொலைத்துவிட்டுத் தேடுகிற வேலை. முறையைக் குறை சொல்லவில்லை. 1985-இல் வந்த ஒளிச்சேர்க்கை வினைமையம் என்ற சவ்வுப் புரதத்தின் அமைப்பு, 1988-இல் மூவருக்கு நோபல் வாங்கித் தந்தது, இந்த வழியில் வந்ததுதான். எங்கள் புரதத்துக்குத்தான் ஒத்துவரவில்லை. தெளிவு 6 ஆங்ஸ்ட்ராமிலேயே நின்றது (ஒரு ஆங்ஸ்ட்ராம் மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு; எண் குறையக் குறையப் படம் தெளியும்). அந்தத் தெளிவில் ஹெலிக்ஸ், அதாவது புரதத்தின் சுருள் பகுதிகள், உருளை உருளையாகத் தெரியும், கொழுப்பு தெரியாது.

அப்புறம், சவ்வு மாதிரியான ஒரு கொழுப்புப் பசைக்குள்ளேயே படிகம் வளர்க்கும் 'கியூபிக் பேஸ்' முறைக்கு வந்தோம். 1996-இல் லாண்டாவும் ரோசன்புஷ்ஷும் கொண்டுவந்தது. மூன்று பங்கு மோனோஒலீன் என்ற கொழுப்பு, இரண்டு பங்கு புரதக் கரைசல்; இரண்டு சிரிஞ்சை முனையோடு முனை இணைத்து, இப்படியும் அப்படியும் தள்ளித் தள்ளிக் கலக்க வேண்டும். முதலில் வெள்ளையாகக் கலங்கி, திடீரென்று இளநுங்கு மாதிரி கண்ணாடியாகத் தெளியும். அந்த நொடிக்காகவே கை வலியைப் பொறுத்துக்கொள்ளலாம்.

டெல்டா வெயிலில் ஒரு சௌகரியம்: சித்திரையில் மோனோஒலீனை உருக்கத் தனியாகச் சூடு பண்ணத் தேவையில்லை. தொல்லை குளிரில்தான். படிகம் வளரும் தட்டுகள் 20 டிகிரியில் இருக்க வேண்டும். ஒருநாள் யாரோ ஏசியை 16-இல் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். காலையில், "அக்கா, எல்லாம் வெள்ளையா இருக்கு" என்று ஜூனியர் பெண் வந்து நிற்கிறாள். மோனோஒலீன் உறைந்து, மூன்று மாதம் புரதத்தைச் சுத்திகரித்த உழைப்பு போச்சு. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாள் வேறு. இன்குபேட்டருக்குத் தனி யூபிஎஸ் வாங்கிய பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

படிகம் வந்தாலும் 20, 30 மைக்ரான்தான். கண்ணாடித் தட்டை வெட்டி, அந்தப் பசையிலிருந்து லூப் என்ற குட்டி வளையத்தில் தூக்குவதற்குள் கண் பூத்துவிடும். அதைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, மிக மெல்லிய எக்ஸ்-ரே கற்றை தரும் சின்க்ரோட்ரான் என்ற பெரிய கருவி மையத்துக்கு அனுப்பினோம். 2.3 ஆங்ஸ்ட்ராம் கிடைத்தது.

எக்ஸ்-ரே தந்த எலக்ட்ரான் அடர்த்திப் படத்தில், புரதத்தின் இடுக்கில் நீளமாக ஒரு அடர்த்தி, நெளிந்த குழாய் மாதிரி. பாக்டீரியாச் சவ்வில் இருக்கும் பாஸ்பாட்டிடைல் எத்தனோலமைன் என்ற கொழுப்பின் வாலை அதில் வைத்தேன், அழகாகப் பொருந்தியது. பாக்டீரியாவின் சொந்தக் கொழுப்பைப் பிடித்துவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். கைடு திரையைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "பாஸ்பேட் எங்கே?" அந்தக் கொழுப்பின் தலையில் பாஸ்பேட் உண்டு, மோனோஒலீனில் கிடையாது. அதிலுள்ள பாஸ்பரஸ் கார்பனைவிடக் கனமான அணு, சரியாக அமர்ந்திருந்தால் அடர்த்தி தூக்கலாகத் தெரிய வேண்டும். அங்கே ஒன்றுமில்லை. நானே சிரிஞ்சில் கலந்த மோனோஒலீன்தான் உட்கார்ந்திருந்தது. 2007-இல் வந்த, அட்ரினலினை உணரும் பீட்டா-2 அட்ரினர்ஜிக் ஏற்பி என்ற சவ்வுப் புரதத்தின் 2.4 ஆங்ஸ்ட்ராம் அமைப்பிலும் கொலஸ்ட்ரால் தெரிந்தது. ஆனால் அது மோனோஒலீனில் அவர்களே கலந்து வைத்தது, எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து தேடினார்கள்.

"நம்ம சிதம்பரத்துல பொறந்த வெங்கி ராமகிருஷ்ணனும் இதைத்தானே செஞ்சார்?" என்று அத்தை கேட்பார். அவருக்கு 2009-இல் நோபல் வாங்கித் தந்தது ரைபோசோம், செல்லுக்குள் புரதம் செய்யும் இயந்திரம். மலைக்கவைக்கும் அளவு பெரியது, ஆனால் அதைச் சவ்விலிருந்து சோப்புப் போட்டுப் பெயர்க்கும் பாடு கிடையாது. இதை அத்தைக்கு இன்னும் விளக்கி முடிக்கவில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள், பெரிய புரதமென்றால் படிகமே இல்லாமல், உறைய வைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கும் கிரையோ-இஎம் பக்கம் போய்விடுங்கள். சின்னப் புரதத்துக்கு இன்றும் நான் படிகத்தைத்தான் நம்புகிறேன். ஆனால் பாஸ்பேட்டின் முகடு தெரியாத வால் எதற்கும் சொந்தக் கொழுப்பு என்று பெயர் வைப்பதில்லை. போன மாதம் முடித்த அமைப்பில் பதினொரு கொழுப்பு மூலக்கூறு. அதில் ஒன்பதை மோனோஒலீன் என்றே எழுதினேன்.