டிரைவ் போட்ட லேத்தில் சுரீர் என்றால் அது சகஜம் இல்லை

வீட்டுப் பட்டறைக்கு டிரைவ் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை மாற்றித் தந்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) வாங்குகிறவர்கள் கவனத்துக்கு. விற்கிற கடையே ஆள் அனுப்பி வயரிங்கும் செய்து தருகிறது என்றால், அந்த ஆள் கிளம்புவதற்கு முன் பச்சை வயர், அதாவது எர்த் வயர், எங்கே போய் முடிகிறது என்று பார்த்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அது எங்கேயும் போகவில்லை.

கோவையில் வீட்டுக்குப் பின்னால் தகர செட்டில் ஒரு பழைய லேத் (கடைசல் இயந்திரம்) வைத்திருக்கிறேன். அதில் இருப்பது 1 ஹெச்.பி. மூன்று ஃபேஸ் மோட்டார், வீட்டுக்கு வருவதோ சிங்கிள் ஃபேஸ். 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸை வாங்கி மூன்று ஃபேஸாகத் தரும் டிரைவ் போட்டால் மோட்டாரை மாற்ற வேண்டாம், வேகத்தையும் கூட்டிக் குறைக்கலாம். டிரைவ் விற்ற கடைக்காரர், "நம்ம ஆளே வந்து மாட்டித் தருவாருங்க, கூலி தனி" என்றார். சரி என்றேன்.

வந்தவர் இணைத்து சுவிட்சைப் போட்டதும் வீட்டு ஆர்.சி.சி.பி. (மின்சாரம் எர்த்துக்குக் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தது. மறுபடி போட்டார், மறுபடி விழுந்தது. "சின்ன வேலைதானுங்க" என்று பெட்டியைத் திறந்து ஏதோ செய்தார். அப்புறம் விழவில்லை. லேத் ஓடியது, கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு ஒருநாள் சீவலைக் கூட்டிக்கொண்டிருந்த என் பையன், "அப்பா, லேத் கடிக்குது" என்றான். டெஸ்டரை லேத் உடம்பில் வைத்தால் எரிகிறது. மீட்டரை எடுத்து, பக்கத்து பிளக்கின் எர்த்துக்கும் லேத்துக்கும் நடுவில் அளந்தேன். 110 வோல்ட் வாக்கில் காட்டியது. கடைக்குப் போன் செய்தால் பதில் இதுதான்: "டிரைவ் போட்டா லேசா சுரீர்னு இருக்குமுங்க சார். எல்லாப் பட்டறையிலும் அப்படித்தான். ரப்பர் மேட் போட்டுக்குங்க."

இது பச்சைப் பொய். பஞ்சாலையில் மின்பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு அண்ணன் வந்தார். மெயினை இறக்கியும் உடனே கை வைக்க விடவில்லை. 230 வோல்ட் உள்ளே போனால் டிரைவின் கெபாசிட்டரில் (மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பாகம்) 325 வோல்ட் டி.சி. நிற்கும், சப்ளையை நிறுத்தினாலும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும் என்று பத்து நிமிடம் உட்கார வைத்தார். அதன் பிறகும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மூடியைக் கழற்றினார். வீட்டு எர்த்திலிருந்து வந்த பச்சை வயர் டிரைவின் எர்த் திருகில் இல்லை. நுனியை மடித்து, இன்சுலேஷன் டேப் சுற்றி, கேபிள் நுழையும் ஓட்டைக்குப் பின்னால் செருகி வைத்திருந்தது.

ஏன் அப்படிச் செய்தார் என்பதை அண்ணன் விளக்கினார். டிரைவுக்குள் மின் இரைச்சலை அடக்க இருக்கும் ஃபில்டரில் சின்னச் சின்ன கெபாசிட்டர்கள் வழியாகச் சில மில்லி ஆம்பியர் எர்த்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். மோட்டார் கேபிளிலிருந்தும் கொஞ்சம் கசியும். வீட்டில் மற்ற சாமான்களின் கசிவோடு இதுவும் சேர்ந்ததும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. விழுந்துவிட்டது. எர்த்தைக் கழற்றினால் கசிவுக்கு வழி இல்லை, விழாது. ஆனால் அந்தக் கெபாசிட்டர்கள் வழியாகவே டிரைவின் உலோக உடம்பு, மோட்டார், லேத் எல்லாம் பாதி வோல்ட்டேஜில் மிதக்கும். அந்த நிலையில் உணர்வது வெறும் சுரீர்தான். நாளைக்கு மோட்டாருக்குள் இருக்கும் வைண்டிங் கம்பிச் சுற்றின் இன்சுலேஷன் போனால் லேத் முழுக்க உயிர் மின்சாரம், அதற்கு எர்த் என் பையனின் கை.

முறையான வழி ஒன்றும் பெரிய செலவில்லை. டிரைவுக்கு என்று தனி லைன், அதற்கென்று தனி எம்.சி.பி. (கரண்ட் அளவுக்கு மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்), தனி ஆர்.சி.சி.பி. எந்த வகை ஆர்.சி.சி.பி. என்பது டிரைவின் கையேட்டில் இருக்கும். சாதாரண ஏ.சி. வகை டிரைவில் வரும் டி.சி. கலந்த கசிவை நம்பிக்கையாகப் பிடிக்காது. மோட்டார் உடம்பிலிருந்தும் லேத்தின் அடிப்பகுதியான பெட்டிலிருந்தும் பச்சை வயர் டிரைவின் எர்த் திருகுக்கு, அங்கிருந்து வீட்டு எர்த்துக்கு. நியூட்ரலை எர்த்தோடு சேர்த்துக் கட்டுகிறேன் என்று யார் சொன்னாலும் விடாதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் இயந்திரம் முழுக்க 230 வோல்ட்.

அடுத்த ஏமாற்று இதைவிடச் சாமர்த்தியமானது. கொஞ்சம் ஆழமாகக் கட்டிங் கொடுத்தால் மோட்டார் திணறி நின்றது. கடையில், "இந்த டிரைவ் பத்தாதுங்க, 2 ஹெச்.பி. டிரைவ் மாத்திக்குங்க" என்றார்கள். அண்ணன் மோட்டாரின் டெர்மினல் பாக்ஸைத் திறந்தார். ஸ்டார், டெல்டா என்பவை மோட்டாரின் மூன்று வைண்டிங்குகளை இணைக்கும் இரண்டு முறைகள். நேம் பிளேட்டில் 415 வோல்ட்டுக்கு ஸ்டார், 230 வோல்ட்டுக்கு டெல்டா என்று தெளிவாக இருக்கிறது. டிரைவ் தருவது 230. கனெக்ஷனோ ஸ்டாரிலேயே விட்டிருக்கிறார்கள். அப்படி ஓட்டினால் மோட்டாரின் இழுவை மூன்றில் ஒரு பங்காகிவிடும். மூன்று பித்தளைப் பட்டைகளை மாற்றிப் போட்டு டெல்டாவாக்கி, மோட்டார் கரண்டையும் டெல்டாவுக்கு உரிய 3.3 ஆம்பியராக டிரைவில் பதித்தார். அதே டிரைவ், அதே மோட்டார், இப்போது திணறலே இல்லை. புது டிரைவ் எதற்கு?

லேத்தின் பழைய ஃபார்வர்டு ரிவர்ஸ் சுவிட்சையும் அந்த ஆள் டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவிலேயே விட்டிருந்தார். ஓடும்போது அதைத் திருப்பினால் டிரைவ் டிரிப் ஆகும், சமயத்தில் எரிந்தே போகும். ஓட்டுவதும் நிறுத்துவதும் டிரைவின் கன்ட்ரோல் டெர்மினல் வழியாகத்தான் இருக்க வேண்டும். அதிலும் அமுக்கி விடுகிற புஷ் பட்டனாக, மூன்று வயர் முறையில் (ஓட்ட ஒரு பட்டன், நிறுத்த ஒரு பட்டன்) போடுங்கள். போட்டது போட்டபடி நிற்கும் சுவிட்சாக இருந்தால், சில டிரைவ்களில் கரண்ட் போய்த் திரும்பி வந்ததும் சக் (வேலைப் பொருளைப் பிடித்துச் சுழலும் பாகம்) தானாகச் சுழல ஆரம்பிக்கும். சக் சாவி செருகியிருக்கும் நேரத்தில் அது நடந்தால் என்னாகும் என்று லேத் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் கடைக்காரரிடம் கேட்டபோது கூலியைத் திருப்பித் தரவில்லை. "அவுட்புட்டில் சுவிட்ச் போட்டிருக்கீங்க, வாரண்டி கிடையாது" என்றார். போட்டது அவர் அனுப்பிய ஆள்! என் பில்லில் "டிரைவ் 1" என்று மட்டும்தான் இருக்கிறது, சீரியல் நம்பரும் இல்லை, வயரிங் கூலியும் இல்லை. நீங்கள் வாங்கும்போது இரண்டையும் எழுதி வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். கூலியை ஜி.பே.யில் கடையின் கணக்குக்கே அனுப்பியதால் அந்த ரசீதும், டேப் சுற்றிய பச்சை வயரின் போட்டோவும் கையில் இருக்கின்றன. அதே ஆள் வேறு வீடுகளிலும் மாட்டியிருப்பார். உங்களிடமும் "சுரீர்னு இருக்கும்" என்று யாராவது சொல்லியிருந்தால், மெயினை இறக்கிவிட்டு, விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரை வைத்து இன்றைக்கே திறந்து பாருங்கள்.