தாவர எண்ணெய் ட்ரான்ஸ்ஃபோமருக்கு ஃபைபர் வெப்பமானி: வாங்கலாமா?

சீனக்குடாப் பக்கம் நான் வேலை செய்யும் ஆலையில் தாவர எண்ணெய் நிரப்பிய ட்ரான்ஸ்ஃபோமர் ஓடுகிறது. அதோடு சேர்த்து வாங்கிய, ஒளியிழையால் சூட்டை அளக்கும் ஃபைபர் வெப்பமானியைப் பற்றித்தான் இது.

ட்ரான்ஸ்ஃபோமருக்குள் இருக்கும் கம்பிச் சுருளின் சூட்டைக் காட்டும் வழக்கமான சுருள் வெப்பமானி சுருளைத் தொடுவதே இல்லை. மேல் எண்ணெயின் சூட்டோடு, சுமைக்கேற்ப ஒரு சின்ன ஹீட்டரால் கொஞ்சம் கூட்டிக் காட்டும், அவ்வளவுதான். தாவர எண்ணெய் கனிம எண்ணெயைவிடப் பிசுக்கு கூடியது, மெதுவாகத்தான் சுற்றி வரும். பழைய எண்ணெய்க்குப் போட்ட கணக்கை இதற்கு அப்படியே நம்ப முடியாது. ஃபைபரின் முனை சுருளுக்கு உள்ளேயே இருக்கிறது. முனையில் காலியம் ஆர்சனைடு என்ற குறைகடத்தியின் ஒரு துணுக்கு. சூடு ஏற ஏற அது விழுங்கும் ஒளியின் அலைநீளம் மாறும், அதை வைத்து அளக்கிறார்கள். உலோகக் கம்பி இல்லாததால் உயர் மின்னழுத்தம் அந்த வழியாக வெளியே வராது.

சுமை திடீரென ஏறும்போதுதான் இதன் அருமை தெரியும். எண்ணெய் மானியின் முள் அசையாமல் நிற்க, ஃபைபர் இலக்கம் கடகடவென்று ஏறும்.

குறை வெளிப்பெட்டியில். ரப்பர் சீல் சரியில்லை. திருகோணமலை உப்புக்காற்றில் டெர்மினல்கள் பச்சை பிடித்துவிட்டன. விற்றவர்களிடம் சொன்னால் "பார்ப்போம்" என்பதே பதில். கடைசியில் நாங்களே வேறு பெட்டி போட்டோம்.

ஒன்று, முனைகளைச் சுருள் சுற்றும்போதே வைக்க வேண்டும். ஆகவே ஓர்டர் கொடுக்கும்போதே கேளுங்கள், உபரி முனையும் சேர்த்து. உடைந்தால் தொட்டியைத் திறக்காமல் மாற்ற வழியில்லை.