.22 செமி ஆட்டோமேட்டிக் ரைபிளுக்கு எந்த ஆயில்? வெள்ளை ஆயிலும் மற்றவையும்

திருப்பூரில் ஓவர்லாக் தையல் மிஷினுக்கு ஊற்றுகிற வெள்ளை ஆயிலே, லைசென்ஸ் பெற்று கிளப்பில் சுடும் .22 செமி ஆட்டோமேட்டிக் ரைபிளுக்குத் (ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்வது) தாராளமாக ஆகும். பிசின் கட்டாது, போல்ட்டை (தோட்டாவின் பின்புறத்தை மூடி, முன்னும் பின்னும் ஓடும் இரும்புத் துண்டு) இழுத்துப் பிடிக்காது. டப்பாவில் வி.ஜி. 22 என்று இருக்கிறதா எனப் பாருங்கள். 40 டிகிரி வெப்பத்தில் ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண் அது. 10 இன்னும் நீர்த்தது, சூட்டில் சீக்கிரம் ஓடிவிடும். இதன் குறை, துருவைத் தடுக்கும் சேர்மானம் போதாது என்பதே.

நீர்த்த ஆயில் ஏன் என்றால், இந்த ரைபிள்களில் பெரும்பாலானவை புளோபேக். சுட்டதும் தோட்டாவின் காலி ஓடே பின்னால் உந்தி போல்ட்டைத் திறக்க வேண்டும், .22-இல் அந்த விசை கொஞ்சம்தான். வீல் பேரிங் கிரீஸைத் தடவினால் போல்ட் முழுதாகப் பின்வாங்காது. ஓடு வெளியே விழாமல் வாசலிலேயே நட்டுக்கொண்டு நிற்கும். ஆயில் கூடினாலும் இதே கதிதான். ஈயக் குண்டின் மெழுகு, எரியாத வெடிமருந்து, வழிந்த ஆயில் மூன்றும் சேர்ந்து கரும்பசையாகிவிடும்.

தேங்காய் எண்ணெயைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள். சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும், மார்கழிக் காலையில் போல்ட் மந்தமாகிவிடும். டபிள்யூ.டி. 40, ஈரத்தை விரட்ட 1953-இல் உருவான திரவம். மழையில் நனைந்த ரைபிளுக்கு நல்ல முதலுதவி. ஆவியானபின் மிஞ்சும் படலம் மெல்லியது, அதன் மேல் வேறு ஆயில் போட்டே ஆக வேண்டும். ஜெர்மனியின் பாலிஸ்டால் இரும்புக்கும் மரக் கட்டைக்கும் ஒத்துப்போகும், வாடைதான் தூக்கும். வால்பாறை மாதிரி ஈர ஊரில் இருப்பவர்களுக்கு அதையே சொல்வேன். மாதம் ஒருமுறை மட்டும் சுடுபவர் ஒரே புட்டி வாங்குவதானால் சி.எல்.பி. எடுங்கள். சுத்தம், வழுவழுப்பு, துருக்காப்பு மூன்றுக்கும் அது ஆகும், விலைதான் கூட.

போடும் முறை இப்படி: முதலில் மேகசினை (தோட்டாக்கள் அடுக்கும் பெட்டி) கழற்றி, போல்ட்டை இழுத்து, சேம்பர் (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். பழைய பசையை சால்வெண்ட் (பசையைக் கரைக்கும் திரவம்) தொட்ட துணியால் முழுதும் துடையுங்கள். பனியன் வேஸ்ட் பஞ்சு விடும். துவைத்த வெள்ளைத் துணியை வெட்டிக்கொள்வது நல்லது. பிறகு போல்ட் ஓடும் தடம் இருபுறமும் ஒவ்வொரு சொட்டு. சுத்தியல் உரசும் போல்ட்டின் அடிப்பாகத்தில் தீக்குச்சித் தலை அளவு மெல்லிய கிரீஸ். போல்ட்டை முன்னே தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கை ஆயில் தொட்ட விரலால் உருவிவிட்டால் போதும். பத்துமுறை இழுத்துவிட்டு, வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள்.

சேம்பர், ஃபயரிங் பின் (தோட்டாவை இடித்து வெடிக்க வைக்கும் ஊசி) துளை, மேகசின் மூன்றும் காய்ந்தே இருக்கட்டும். சேம்பரில் ஆயில் இருந்தால் ஓடு சுவரைப் பிடிக்காமல் போல்ட்டை அதிக வேகத்தில் உதைக்கும். மேகசினில் இருந்தால் தோட்டாவுக்குள் கசிந்து மருந்தைக் கெடுக்கும், 'டிக்' சத்தத்தோடு நின்றுவிடும். அப்படி நின்றால் உடனே திறக்காதீர்கள், தோட்டா தாமதித்து வெடிக்கலாம். ரைபிளை இலக்கை நோக்கியே 30 நொடி பிடித்திருந்து, பிறகு இழுங்கள்.

ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியை அள்ளி வரும்போது வழக்கத்தில் பாதி ஆயில் போதும், சுட்டு முடித்ததும் துடைத்துவிடுங்கள். வைக்கும்போது பேரலின் வெளிப்புறத்தில் மெல்லிய படலம் பூசுங்கள். வியர்வைக் கை பட்ட இடம்தான் முதலில் துருப்பிடிக்கும். ஸ்பாஞ்ச் உறைக்குள் பூட்டி வைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். அடுத்தமுறை சுடுமுன் பேரலுக்குள் காய்ந்த துணியை ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.