நாலு உரைகல்லும் ஒரு சங்கிலியும்

நாசரேத் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் சுவரெங்கும் கிறிஸ்தவப் பிரசங்கம் பண்ணும் ஊழியர்களின் முகம்தான். வெள்ளைச் சட்டை, கையில் மைக், பக்கத்தில் மனைவி, தலைக்கு மேலே 'தீர்க்கதரிசன வல்லமை நிறைந்த' என்று ஓர் அடைமொழி. 1986-ல் மாவட்டத்தைப் பிரித்துத் தூத்துக்குடியோடு சேர்த்துவிட்டாலும் எங்களுக்கு இது திருநெல்வேலிச் சீமைதான். ஊருக்கு ஊர் கிறிஸ்தவக் கோயிலும், குருவுக்கு உதவியாக வேதம் சொல்லித்தரும் உபதேசியாரும் இருந்த சீமை. வந்திருக்கும் ஆள் மெய்யா பொய்யா என்று உரசிப் பார்க்க இங்கே நாலு உரைகல் புழக்கத்தில் உண்டு. நாலும் ஒரே தரம் இல்லை.

சனங்கள் முதலில் எடுப்பது அற்புதத்தை. சுகம் கிடைத்ததா? சொன்னது பலித்ததா? என் அத்தை ஒருத்தி மூன்று நாள் உபவாசக் கூட்டத்துக்குப் போய்வந்து, "எய்யா, பேரைச் சொல்லிக் கூப்பிட்டாவ. ஆறு மாசத்துல மகனுக்கு விசா வந்துரும்னு சொல்லிட்டாவ" என்றாள். கழுத்தில் கிடந்த இரண்டு பவுன் சங்கிலி காணிக்கையாகப் போயிருந்தது. பேர் எப்படித் தெரிந்தது? வாசலில் ஜெப விண்ணப்பச் சீட்டு வாங்கினார்களே, அதில் அத்தையே எழுதிக் கொடுத்ததுதான். ஒன்றரை வருஷமாகியும் விசா வரவில்லை. போனில் கேட்டபோது, "உங்க விசுவாசத்துல குறை இருக்கும்மா" என்று பதில் வந்தது. பலித்தால் அவர் வல்லமை, பலிக்காவிட்டால் அத்தையின் குறை. அவர் தோற்க வழியே இல்லை.

வேதம், அதாவது பைபிள், இவ்வளவு தாராளமாக இல்லை. சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்ன வார்த்தை அல்ல என்கிறது உபாகமம் 18-ம் அதிகாரம். 13-ம் அதிகாரம் இன்னும் கறார். சொன்ன அடையாளம் நடந்தே விட்டாலும், அந்த ஆள் வேறு தேவர்களின் பின்னால் இழுத்தால் காது கொடுக்காதே என்கிறது. பலிக்காதது பொய்யைக் காட்டிக்கொடுக்கும். பலித்தது மெய்க்கு அத்தாட்சி ஆகாது. இந்தக் கல் பாதிதான் வேலை செய்யும்.

இரண்டாவது, பட்டம். பேராயர் கைவைத்துக் குருப்பட்டம் கொடுத்தவரா, இறையியல் படித்தவரா என்று பார்ப்பது. இதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. அவருக்கு மேலே ஆள் உண்டு, சுற்றுவட்டாரச் சபைகளைக் கவனிக்கும் சேகரக் கமிட்டி உண்டு, மாற்றல் உண்டு. தப்பு நடந்தால் போய்த் தட்ட ஒரு கதவு இருக்கிறது. தனியாகச் சபை நடத்துகிறவரிடம் தகராறு என்றால் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும். ஆனால் பட்டம் வாங்கினவர் எல்லாம் சுத்தம் என்று எங்கள் பக்கத்தில் யாரும் சத்தியம் பண்ண மாட்டார்கள். அதைவிட, இந்தக் கல்லை ரேனியஸிடம் உரசிப் பாருங்கள். 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மன்காரர். உபதேசியார்களுக்குப் பட்டம் கொடுப்பதில் ஆங்கிலத் திருச்சபை முறைதானா என்று எழுந்த தகராறு முற்றி, அவரை வைத்திருந்த மிஷன் சங்கமே 1835-ல் விலக்கிவிட்டது. ஆற்காட்டுக்குப் போனவரை இங்கிருந்த உபதேசியார்கள் திரும்பக் கூப்பிட்டார்கள். வந்தார், 1838-ல் இறந்தார், கல்லறை பாளையங்கோட்டையில்தான் இருக்கிறது. பட்டமே முடிவு என்றால் அவரை அன்றே கள்ளப் போதகர் கணக்கில் எழுதியிருக்க வேண்டும். கூடவே உழைத்தவர்கள் வேறு எதையோ பார்த்திருக்கிறார்கள். (இப்போது பேருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டுக்கொள்கிறவர்களிடம் எந்தக் கல்லூரி என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும்.)

மூன்றாவது, வசனம். பெரோயா ஊர்க்காரர்கள் அப்போஸ்தலன் பவுல் சொன்னதையே வேதத்தோடு ஒத்துப் பார்த்தார்கள் என்று அப்போஸ்தலர் 17 மெச்சுகிறது. நல்ல கல்தான். சிக்கல் என்னவென்றால், இயேசுவைச் சோதிக்க வந்த பிசாசும் சங்கீதத்திலிருந்துதான் வசனம் சொன்னது. ஆகவே ஒரு வசனத்தை எடுத்துச் சொன்னால் அதற்கு முன்னும் பின்னும் படிக்க வேண்டும். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்கும் தசமபாகம் என்றதும் மல்கியா 3:10 வந்துவிடும். அதே மல்கியா முதல் இரண்டு அதிகாரங்களில் ஆசாரியர்களை வெளுத்து வாங்குவதை நான் எந்தக் கன்வென்ஷனிலும் கேட்டதில்லை. மூன்றாம் அதிகாரத்திலேயே ஐந்து வசனம் மேலே போனால், கூலிக்காரனையும் விதவையையும் ஒடுக்குகிறவர்களுக்கு எதிரான வார்த்தை இருக்கிறது.

நாலாவது, கணக்கு. நான் நம்புவது இதைத்தான். 'திதாக்கே' என்று ஒரு பழைய கிரேக்கக் கையேடு, ஆதித் திருச்சபைக் காலத்தது, 1873-ல் கான்ஸ்டாண்டிநோபிளில் கிடைத்து 1883-ல் அச்சேறியது. ஊர் ஊராக வரும் ஊழியரை எப்படி நிதானிப்பது என்று அதில் பச்சையாக எழுதியிருக்கிறது. ஒரு நாள் தங்கலாம், அவசியமானால் இரண்டு. மூன்றாம் நாளும் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது அடுத்த தங்கலுக்கு வேண்டிய அப்பம் மட்டும். ஆவியில் பேசுகிறேன் என்று பணம் கேட்டால் கேட்காதே. இல்லாதவர்களுக்குக் கொடு என்று கேட்டால் குறை சொல்லாதே.

அன்றைய பயம் போகாத விருந்தாளி. எங்கள் தொல்லை நேர் எதிர். வாக்குச் சொன்னவர் ராத்திரியே காரில் ஏறிவிடுகிறார், அந்த ஆறு மாசம் முடியும்போது இங்கே இருப்பதில்லை. இடையன்குடியில் 1841-ல் குடியேறிய மிஷனரி கால்டுவெல் அங்கே கோயில் கட்டி முடிக்க 33 வருஷம் ஆனது, 1880-ல்தான் பிரதிஷ்டை. அவ்வளவு காலம் ஒரே ஊரில் முகம் காட்டுகிறவர் அளந்துதான் வாக்குக் கொடுப்பார்.

பணத்தில் பவுல்கூடத் தன்னை நம்பச் சொல்லவில்லை. எருசலேமுக்கான காணிக்கையைச் சபைகள் தேர்ந்தெடுத்த ஆளையும் கூட வைத்துக்கொண்டுதான் கொண்டுபோனார், ஒருவரும் குறை சொல்லாதபடிக்கு என்று 2 கொரிந்தியர் 8-ல் காரணமும் எழுதினார். டோனாவூரில் குழந்தைகள் காப்பகம் நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1895-ல் இந்தியா வந்து 1951-ல் சாகும்வரை ஊர் திரும்பவில்லை. அந்தக் காப்பகத்துக்குக்கூட ஊரைக் கூட்டிப் பணம் கேட்பதில்லை என்று வைத்திருந்தார். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்றார். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து 'அம்மா' என்று மட்டும் பொறித்தார்கள்.

இந்தக் கல்லிலும் குறை உண்டு. மெதுவானது, வருஷக்கணக்கில் பார்க்க வேண்டும். காசில் சுத்தமானவர் போதனையில் கோணலாக இருக்கலாம், அங்கே மூன்றாவது கல் வேண்டும். ஆஸ்பத்திரியில் ஆளைப் படுக்கவைத்துவிட்டு ஜெபத்துக்கு ஓடுகிறவருக்கு எதற்கும் நேரமிருக்காது. அவர் ஒன்றை மட்டும் பார்த்தால் போதும். மாத்திரையை நிறுத்தச் சொன்னால் அந்த நிமிஷமே எழுந்து வந்துவிட வேண்டும்.

அத்தையிடம் இதையெல்லாம் ஒருநாள் விலாவாரியாகச் சொன்னேன். "சரிலா" என்று கேட்டுக்கொண்டாள். போன மாசமும் ஒரு கூட்டத்துக்குப் போனாள், பாட்டு நல்லாயிருக்கும் என்று. மகன் புதிதாக வாங்கிக் கொடுத்த சங்கிலியைக் கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போனாள்.