முதலில் 2 அங்குலம், பிறகு 4: பின்வளவு மீன் தொட்டியும் வடிகுழாயும்

2018இல் கொழும்பு வெள்ளவத்தை வீட்டின் பின்வளவில் தொட்டி கட்டினோம். பத்தடி நீளம், ஏழடி அகலம், மூன்றரை அடி ஆழம். ஏறக்குறைய 7,000 லீற்றர். பாதி நிலத்துக்கு மேலே, பாதி கீழே. "இந்தச் சின்னத் தொட்டிக்கு ரெண்டு இஞ்ச் தாராளம் தம்பி" என்றார் மேசன் பாஸ். பழைய சோனகத் தெருவில் 63 மில்லிமீற்றர் பிவிசி வாங்கி வந்து (கடையில் 2 அங்குலம் கேட்டால் இதைத்தான் எடுத்துத் தருவார்கள்) அடி வடிகுழாய்க்கும் மேலே வழிந்தோடும் குழாய்க்கும் அதையே போட்டோம்.

முதல் வருடம் குறையில்லை. வால்வைத் திறந்தால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் கால் மணித்தியாலத்தில் வீதிக் கானுக்குப் போய்விடும். அப்புறம் அதே வேலைக்கு முக்கால் மணித்தியாலம் எடுத்தது. கோய் மீனின் கழிவும் மாவிலையும் வளைவுகளில் தங்கிவிட்டன. 90 பாகை எல்போ இரண்டு போட்டது பெரிய தவறு. கம்பியை விட்டுக் குத்தினால் முதல் எல்போவைத் தாண்டவே தாண்டாது.

உண்மையான அடி வழிந்தோடும் குழாயில்தான் விழுந்தது. அதற்கு நானே காரணம். மழைத் தண்ணீர் வீணாகிறதே என்று கூரைப் பீலியைத் தொட்டிக்குள் திருப்பிவிட்டிருந்தேன். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். தொட்டியின் மேற்பரப்பு ஆறரை சதுர மீற்றர்தான், கூரையோ 60. மணித்தியாலத்துக்கு 50 மில்லிமீற்றர் கொட்டினால் தொட்டியில் நேரே விழுவது 330 லீற்றர், கூரையிலிருந்து வருவது 3,000. கொழும்பில் ஒக்டோபர் மாதத்துப் பின்னேர மழையைப் பார்த்தவர்களுக்கு இது அதிசயமான அளவே இல்லை. குழாய் திறந்திருந்தால் 2 அங்குலமே ஒருவாறு சமாளித்திருக்கும். ஆனால் வாயில் வலை இருந்தது, பக்கத்தில் ஜம்பு மரமும் இருந்தது. ஜம்புப் பூவின் இளஞ்சிவப்பு நார்கள் வலையில் கம்பளம் மாதிரி ஒட்டிக்கொள்ளும். விடியப் பார்த்தால் புல்லில் இரண்டு கோய் செத்துக் கிடந்தன.

2021இல் கொங்கிறீட்டை உடைத்து 110 மில்லிமீற்றர், அதாவது 4 அங்குலம் போட்டோம். மீன்கள் பத்து நாள் பிளாஸ்டிக் தாங்கியில் இருந்தன. விட்டம் இரண்டு மடங்கானால் குறுக்குப் பரப்பு நான்கு மடங்காகும். உராய்வும் குறைவதால் ஓடும் தண்ணீர் அதற்கும் மேல். இப்போது அதே மூன்றில் ஒரு பங்கு மூன்று நான்கு நிமிடத்தில் இறங்கிவிடுகிறது. பக்கத்தில் நிற்காமல் தேநீர் குடிக்கப் போகக்கூடாது. எல்போ ஒவ்வொன்றுக்கும் பதிலாக 45 பாகை வளைவு இரண்டிரண்டு வைத்தோம். 4 அங்குல வால்வு விலையைக் கேட்டதும் அந்த யோசனையைக் கைவிட்டு, வெளியே ஒரு குழி கட்டி அதில் செருகி இழுக்கும் நிலைக்குழாய் (நிமிர்ந்து நிற்கும் குழாய்; இழுத்தெடுத்தால் தண்ணீர் வடியும்) வைத்தோம். ஐந்து வருடமாகப் பழுதே இல்லை. தொட்டியின் பாதி நிலத்துக்குக் கீழே இருப்பதால் அடியில் ஒரு அடித் தண்ணீர் மட்டும் வற்றாது, அதற்கு வாளிதான்.

பெரிய குழாயிலும் ஒரு குறை உண்டு, அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வடிகட்டித் தொட்டிக்கும் தண்ணீர் இதே குழாயால்தான் போகிறது. எங்கள் பம்ப் மணித்தியாலத்துக்கு 7,000 லீற்றர் இழுக்கும். அந்த ஓட்டத்தில் 4 அங்குலக் குழாய்க்குள் தண்ணீர் விநாடிக்கு கால் மீற்றர் கூட நகராது. கழிவு குழாய்க்குள்ளேயே படியும். அதனால் சனிக்கிழமை தோறும் நிலைக்குழாயை இழுத்து ஒரு நிமிடம் விடுகிறேன். முதலில் கறுப்பாக வரும், பிறகு தெளியும். நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டு அன்ரி ஜன்னலைச் சாத்துவா. பம்பிலிருந்து திரும்பி வரும் குழாய்க்கு ஒன்றரை அங்குலமே போதும், அங்கே பெரிதாகப் போட்டுக் காசை விட வேண்டாம்.

புதிதாகக் கட்டுகிறவர் கேட்டால், கொங்கிறீட்டுக்கு அடியில் போவதை மட்டும் 4 அங்குலமாகப் போடச் சொல்வேன். வெளியே வந்தபின் ரெடியூசர் போட்டுச் சிறிதாக்கலாம்; அடியில் கிடப்பதைப் பெரிதாக்க உடைக்கத்தான் வேண்டும்.

வீதிக் கானை மறந்தால் இதெல்லாம் வீண். அடைமழையில் கான் நிரம்பினால் தண்ணீர் குழாய் வழியே திரும்பி வரும். கான் விளிம்புக்கு மேலே வாய் வைத்தபிறகு அந்தத் தொல்லை இல்லை. கூரைப் பீலியையும் திருப்பி விட்டாயிற்று. நுளம்புக்காக விட்ட குப்பி மீன்கள்தான் இன்னும் ஒவ்வொரு பெருமழைக்கும் நாலைந்து வழிந்து போய்விடுகின்றன. வலையைக் கழற்றிவிட்டேனே.