டாய் புத்தாண்டுச் சந்தை: சித்திரை விடுமுறைக்கு ஏற்ற இடமா?

தென்மேற்குச் சீனாவின் யுன்னான் மாநிலத்தில் உள்ள சிசுவாங்பன்னா வட்டாரத்தில் டாய் இன மக்களின் புத்தாண்டு, நம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டியே ஏப்ரல் நடுவில் வருவதால், தேக்காவில் பூவும் பழமும் வாங்கிப் பூசையை முடித்தவுடன் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டோம். ஜிங்ஹோங் நகரை அடுத்த கிராமச் சந்தையின் சிறப்பு உணவுக் கடைகளே. மூங்கில் குச்சியில் கவ்வவைத்து, எலுமிச்சைப்புல்லால் கட்டிக் கரிநெருப்பில் வாட்டிய மீனின் வயிற்றில் பூண்டும் மிளகாயும் கொத்தமல்லித் தழையும் திணித்திருந்தார்கள். சம்பாலுக்குப் பழகிய நாவுக்கும் அந்தக் காரம் போதும். புத்தாண்டுக்கென்றே ஒட்டரிசி மாவில் வெல்லமும் வேர்க்கடலையும் சேர்த்து வாழையிலையில் அவிக்கும் பலகாரம், இலைக்கொழுக்கட்டைப் பிரியர்களுக்குக் கட்டாயம் பிடிக்கும். துணிக்கடைகளில் பெரும்பாலும் ஆலைச் சரக்குதான், விலையும் கூடுதல். புத்தாண்டையொட்டி ஒருவர்மீது ஒருவர் தண்ணீர் ஊற்றிக் கொண்டாடும் நாளில் செல்வோர் கைப்பேசியை நீர்புகா உறையில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் கடைக்காரர்கள் பெரும்பாலும் அதன்வழியேதான் பணம் பெறுகிறார்கள்.