தூத்சாகர் ஜீப்புக்குக் கடற்கரையில் பணம் கட்டாதீர்கள்

போன நவம்பரில் குடும்பமாக ஐந்து பேர் கோவா போயிருந்தோம். கலங்குட் கடற்கரையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஏஜென்ட் ஒருவர், தூத்சாகர் அருவிக்கு ஆளுக்கு 2,800 ரூபாய் என்றார். வேன், ஜீப், நுழைவுக் கட்டணம், லைஃப் ஜாக்கெட், சாப்பாடு எல்லாம் அதிலேயே அடக்கமாம். முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு துண்டுச் சீட்டில் 'ஐந்து பேர்' என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார். கடைப் பெயரும் இல்லை, முத்திரையும் இல்லை.

ஆறு மணிக்கு வர வேண்டிய வேன் எட்டு மணிக்கு வந்தது. அருவிக்கு ஜீப் கிளம்பும் ஊரான குலேம் போய்ச் சேரும்போது பதினொன்று. டிரைவர் எங்களை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு, "ஜீப் டிக்கெட் நீங்கள்தான் எடுக்க வேண்டும்" என்றார். ஏஜென்டுக்குப் போன் செய்தால், "இப்போது கட்டுங்கள், சாயங்காலம் தருகிறேன்" என்றார். ஜீப், நுழைவு, ஜாக்கெட் மூன்றுக்கும் மறுபடி கட்டினோம். அம்மாவுக்குக் கிடைத்த ஜாக்கெட்டில் கொக்கி உடைந்திருந்தது. சணல் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். சண்டை போட்டுத்தான் மாற்றினேன்.

அருவி இருப்பது பகவான் மகாவீர் சரணாலயத்துக்குள். நம் வண்டி அங்கே போகாது. குலேமில் இருக்கும் உள்ளூர் ஜீப்புகள்தான், ஒரு ஜீப்பில் ஏழு பேர். யாரிடம் பணம் கட்டினாலும் ஏறப் போவது அந்த ஜீப்பில்தான்.

ஜீப் ஓட்டியவர் மேல் எந்தக் குறையும் இல்லை. ஓடைகளைக் கடக்கும்போது தண்ணீர் காலடி வரை வந்தது. அப்பாவை முன் சீட்டில் உட்காரவைத்துப் பதமாக ஓட்டினார்.

'ஜீப் அருவிக்கே போகும்' என்று ஏஜென்ட் சொன்னதுதான் பெரிய பொய். ஜீப் நின்ற பிறகு பாறையும் வேருமாகக் கிடக்கும் பாதையில் நடக்க வேண்டும். அப்பாவுக்கு 68 வயது, முழங்கால் வலி வேறு. பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். கோவாவின் வாஸ்கோ நகருக்குப் போகும் ரயிலில் ஒருமுறை இருட்டில் அதைக் கடந்து போனதிலிருந்து அந்த அருவியைப் பார்க்க ஆசைப்பட்டவர். 310 மீட்டர் உயர அருவியை மரங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடாகத்தான் பார்த்தார். பணம் போனதை விட இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சாயங்காலம் கலங்குட்டில் அந்த மேசையே இல்லை. போனும் எடுக்கவில்லை.

போகிறவர்கள் டாக்சியிலோ ரயிலிலோ நேராகக் குலேம் போய், காலையிலேயே கவுன்டரில் பணம் கட்டி அச்சடித்த ரசீது வாங்குங்கள். மழைக்காலத்தில் ஜீப் ஓடாது. அப்போது யார் முன்பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். வயதானவர்களைக் கூட்டிப்போனால், அந்தக் கடைசி நடையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுங்கள். தெரிந்திருந்தால் அப்பாவுக்கு ஒரு கைத்தடியாவது எடுத்துப் போயிருப்பேன்.